மூன்றாவது மிதி

பிரைட்சனுக்குக் காற்றாலையில் வேலை.
முப்பந்தலில், எண்பது மீட்டர் உயரத்தில்,
இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கியர்பாக்ஸ் திறப்பான்.
காற்று ஓய்ந்த மாதங்களில் கீழே இறங்கி
வேர்கிளம்பியில், ரப்பர் ஷீட் காயும் எங்கள் கொட்டகையில்
என் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தான்.

அறுபத்தேழாம் வருடத்து வோக்ஸ்வாகன்.
ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கேட்காது,
காற்றைக் குடித்தே எஞ்சின் குளிரும்.
மாட்டு டாக்டருக்கு இந்த ஆமை எதற்கு என்று
குலசேகரத்தில் சிரிக்காத ஆளில்லை.
கன்று போடத் திணறும் பசுவுக்காக
நடுராத்திரி நாலு கியரும் மாற்றி
பேச்சிப்பாறை ஏறியிருக்கிறேன்.
அப்போது எனக்கு இரண்டு கால்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்:
மழை. அழகியமண்டபம் வளைவு. மணல் லாரி.
பைக்கை ஓட்டியது தம்பி, பின்னால் நான்.
அவனுக்கு முழங்கையில் ஏழு தையல்.

அதன்பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை.
சண்டை என்றும் சொல்ல முடியாது.
அவன் வாசலில் வந்தால் எனக்குத் தொழுவத்தில் வேலை இருக்கும்.
வார்த்தைகளை என் மகள் அக்ஷா சுமந்தாள்.
"அம்மா, மாமா கேக்காவ, வண்டிச் சாவி எங்கேன்னு."
"எதுக்காம்?"
"சும்மாவாம்."

சும்மா ஆறு மாதம் நீண்டது.
கொச்சிப் பக்கம் ஓர் ஆக்கர் கடையில்
அதே கம்பெனியின் வேறொரு வண்டி,
உடம்பெல்லாம் துரு, வயிற்றில் மட்டும் உயிர்:
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்.
அன்னாசிக் கூடைகளுக்கு நடுவே லாரியில் வந்திறங்கியது.
பொருந்தவில்லை.
பின் ஆக்சிலை அறுத்தான், புதுத் தாங்கிகளை
டார்ஷன் குழாயில் வெல்டிங் வைத்தான்,
நாலு மில்லிமீட்டர் பிசகி, மறுபடி அறுத்தான்.
"எளவு" என்ற சொல் கொட்டகையிலிருந்து
நாளொன்றுக்கு முப்பது தரம் கேட்டது.

கிளட்ச் இல்லாம சக்கரம் எப்படி மாமா சுத்தும்?
இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்தான்.
ஒன்றுக்கு மட்டும் கரண்ட்.
மற்றது கொஞ்சம் யோசித்தது,
பிறகு அதுவும் சுழன்றது.
"பாத்தியா பிள்ளே, தொடவே இல்ல.
அங்க காத்துக்குப் பதிலா சிவப்பு எண்ணெய், அவ்ளோதான்."
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று
கரண்ட் இல்லாத விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் காற்று திரும்பியது.
மேலே ஏற அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
முந்தின நாள், சாவியை அக்ஷாவிடம் கொடுக்காமல்
பானெட் மேல் வைத்துவிட்டு
பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தான்.

(லைசென்ஸ் வாங்கியது தனிக் கதை.)

கிளட்ச் மிதி இருந்த இடத்தில்
தகரத் துண்டு, நாலு ரிவிட், கறுப்பு பெயின்ட்.
என்னையும் இப்படித்தான் மூடியிருந்தார்கள், நூலால்.

தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி நெருங்க
முதுகில் கைவைத்துத் தள்ளியது காற்று.
அசைபோடும் மாட்டின் சீரில் எஞ்சின்.
இரண்டிலிருந்து மூன்றுக்குத் தானே மாறியபோது
ஒரு சின்னச் சிலிர்ப்பு,
ஈயை விரட்ட மாடு தோலை மட்டும் உதறுமே, அப்படி.

அந்த நொடி என் இடதுகால் மிதித்தது.
இல்லாத பாதம் இல்லாத மிதியை
முழுதாக, தரைவரைக்கும்.

பார்த்துவிட்டானோ என்று திரும்பினேன்.
அவன் இடதுகாலும் தரையில் அழுந்திக் கிடந்தது.
அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும்
எந்த மிதியும் இருந்ததில்லை.

முப்பந்தலில் இறக்கைகள் சுற்றத் தொடங்கியிருந்தன.
"எண்ணெய் சூடாயிருக்கும், செத்த நேரம் நிப்பாட்டலாம்,"
என்றான், ரோட்டைப் பார்த்து,
பின்சீட்டில் அக்ஷா இருப்பதுபோல.
அவள் வரவில்லை.

"இதுல உன் காத்தாடி எது?" என்றேன்.

விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான்.
பதினொன்றில் கணக்குத் தவறியது.
முதலிலிருந்து எண்ணினான்.