இடம் வலமாக

கோட்டையூர்ப் பழைய அரிசி ஆலையில்
இருநூற்று ஐம்பத்தாறு சென்சார்களை
ரப்பர் விரிப்புக்கு அடியில் ஒட்டினேன்.
ஓர் அடிக்கு ஒன்று.
நடந்தால் போதும் என்று வாசலில் அட்டை.
கட்டணம் இல்லை.
செருப்போடும் வரலாம்.

செருப்போடு வரலாம் என்பதை யாரும் நம்பவில்லை.
வாசலின் வலப்பக்கம் குவியல் ஏறியது.
அதைத் தாண்ட எல்லோரும்
இடப்பக்கமாக வளைந்தார்கள்.
திரையில் முதல் நாளே ஓர் ஆறு.

மீட்டர் பார்க்க வந்த மின்வாரியத்துக்காரர்
பார்த்துவிட்டுப் பதினான்கு முறை குறுக்கே நடந்தார்,
பையைக் கீழே வைக்காமல்.
பள்ளத்தூரிலிருந்து ஏழாம் வகுப்பு 'சி' பிரிவு
வரிசை கலைந்து ஓடியது.
சொர்ணவல்லி மட்டும் ஒரே கட்டத்தில்
ஒற்றைக்காலில் நின்றாள்,
எண் ஏறுகிறதா என்று திரையைப் பார்த்தபடி.
ஏறவில்லை.
குதித்தாள். ஏறியது.
நாற்பது வரை குதித்தாள்.

எட்டாம் நாள் கணக்கு.
அதிகம் மிதிபட்டது
வாசலும் இல்லை, நடுவும் இல்லை,
வலப்பக்கத்து மின்விசிறிக்கு நேர் கீழே.
அடுத்தது, சார்ஜ் போடும் சுவர்.
'பங்கேற்பாளர்களின் விருப்பத்தேர்வு'
என்று அறிக்கையில் எழுதினேன்.
வெயில் என்று எழுதியிருக்கலாம்.

செவ்வாய் மாலை பன்னிரண்டு நிமிடம் கரண்ட் இல்லை.
இருட்டில் யார் யாரோ மோதினார்கள், சிரித்தார்கள்,
யாரோ ஒருவர் ரயில் ஓட்டினார், பெட்டிகளும் சேர்ந்தன.
கோப்பில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை.
அதற்கென்று மூலையில் ஒரு கல் ஒதுக்கினேன்.

ஆத்தங்குடியில் அடைக்கலம்
என் வரைபடத்தைப் பார்த்தார்.
"இந்த நெளிவுக்கு அச்சு கிடையாது.
கரண்டியாலதான் ஊத்தணும்."
கண்ணாடியைத் துடைத்தார்.
ஐம்பது காலடி வரை மஞ்சள், அப்புறம் பச்சை,
அப்புறம் சிவப்பு. விசிறிக்கடி கறுப்பு.
காதில் புளூடூத். அந்தப் பக்கம் மச்சான்,
லோடு ஆட்டோத் தவணை பற்றிச் சண்டை.
குரல் உயர உயரக் கரண்டி நடுங்கவே இல்லை.
நடுவில் என்னிடமும் ஏதோ சொன்னார்.
எனக்கும் போன் வந்திருந்தது.

"இந்தக் கல்லுல என்ன ஊத்த?"
"அதுல தகவல் இல்லை."
நான்கு கிண்ணத்திலும் மிஞ்சியதை
வழித்து ஊற்றி ஒரு சுழற்று.
மேலே மணல், சிமெண்ட், அழுத்தல்,
தொட்டித் தண்ணீர், வெயில்.

பதித்து முடித்த ஞாயிறு
சொர்ணவல்லி தன் கட்டத்தில் வந்து நின்றாள்.
காலடியில் வெறும் மஞ்சள்.
"நான் இங்கதான் குதிச்சேன்."
அவள் நாற்பதும் எதிர்ச்சுவரோரம் பச்சையாய்க் கிடந்தது.
ஆறு வலப்பக்கம் வளைந்து
செருப்புக் குவியலுக்குள் போய் முட்டியது.

"முகம் கண்ணாடியைப் பாத்துக் கெடக்கும்.
தூக்கித் திருப்புனா எடது வலதாயிரும்.
படத்தத் திருப்பிக் குடுங்கன்னு சொன்னேன்.
நீங்க போன்ல இருந்தீங்க."
பதித்த இருளாண்டி தன் பங்குக்கு,
"எண்படி வச்சா கோடு சேரல.
கோடு சேர வச்சேன்."
கல் கல்லாய்த் திரும்பியவை
சேர்ந்ததும் தளமே திரும்பிவிட்டது.

பெயர்த்து மறுபடி போடக்
கையில் இருந்தது பதினோராயிரம்.
அறிக்கையில் இதற்கு என்ன பெயர் வைப்பது
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஃபேன இந்தப் பக்கம் மாத்துங்க"
என்றாள் சொர்ணவல்லி.

மின்வாரியத்துக்காரர்தான் ஏணி ஏறினார்.
மாலைக்குள் கறுப்புப் பூவின் மேல்
ஒன்பது பேர், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டபடி.
மூலைக் கல்லுக்கு மட்டும் தகராறு:
செவ்வாய்க்கிழமை வந்த ஒவ்வொருவரும்
அந்தச் சுழியில் தன் காலைக் காட்டினார்கள்.
ரயில் ஓட்டியவர் தாசில்தார் அலுவலகத்துக்காரர் என்று
அப்போதுதான் தெரிந்தது.

செருப்பு விஷயம் நடக்கவில்லை.
இடப்பக்கம் புது அலமாரி வைத்தோம், அம்புக்குறி போட்டோம்.
வலப்பக்கமே விடுகிறார்கள்.
இடப்பக்கமாக வளைந்தே வருகிறார்கள்.
சிவப்பு ஆறு ஒருபுறம் பளபளவென்று கிடக்க,
யாரும் மிதிக்கவில்லை என்று நாங்கள் ஊற்றிய
மஞ்சளின் மேல்
லேசாகச் செம்மண் படியத் தொடங்கியிருக்கிறது.