பாப்பம்

நாற்று நடும் மெசின் பாலிநகரில் வந்து இறங்கிய அன்று
நான்தான் மொழிபெயர்ப்பு.
நாளுக்கு மூவாயிரம், மத்தியானச் சாப்பாடு.
ஒகுமுரா தன் ஊர்ப்பேச்சை இங்கிலீசில் மடித்துத் தருவார்,
நான் தமிழில் விரித்துப் போடுவேன்.
தட்டில் நாற்று. பதினெட்டு நாள்.
கணுக்கால் சேறு, மட்டம் பிடித்த வயல்.
கமக்காரர் கட்டடத்துப் பிளாஸ்டிக் கதிரைகளில்
முப்பது தலைகள் ஆடின.

புழுதியில் விதைத்துவிட்டு
வானத்தைப் பார்க்கிற சனம்.
புரட்டாதியில் சேற்றுக்கு எங்கே போவது?
தட்டு நாற்றை மயில் விடுமா?
ஒருவரும் கேட்கவில்லை.
விருந்தாளி, வெயிலுக்குள்ளால் வந்திருக்கிறார்.

உதிரிப்பாகம் மல்லாவியில் கிடைக்குமோ
என்று மட்டும் ஒரு குரல்.
ஒகுமுரா பல்லுக்குள்ளால் காற்றை உறிஞ்சினார்,
ஸ்ஸ்ஸ்.
ஆலோசிப்போம் என்றார்.
தேத்தண்ணி சுட்டிருக்கும் என்று நினைத்தேன்.
"அனுப்புவினமாம்" என்று சொன்னேன்.

காலபோகத்துக்கு இறக்குவீர்களா? இது அவர்.
தலைவர் சிவகடாட்சம் பொருளாளரைப் பார்த்தார்.
பொருளாளர் இராசநாயகி மெசினைப் பார்த்தா.
"பாப்பம்."

சீட்டுக்காசு கேட்டுப் போனால் வருகிற பாப்பம்.
பிடிக்காத சம்பந்தத்துக்குச் சொல்லி அனுப்புகிற பாப்பம்.
எங்கள் காணியைப் பற்றிக் கந்தோரில்
ஒன்பது வருசமாய் நான் கேட்ட பாப்பம்.
எனக்குத் தெரியாதா?
ஆனாலும் அவசரத்தில் கைக்கு அகப்பட்டது
ஒரு யெஸ்தான்.
அவர் கொப்பியில் சரி போட்டார்.

மாசியில் திரும்பி வந்தார்.
மெசின் ஸ்டோருக்குள், உரபாக் போர்த்தபடி.
எஞ்சினைக் காணோம்.
அது மல்லாவியில் குகப்பிரியனின் கராச்சில்
நெல் தூற்றும் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது,
தார்ப் பரல் வெட்டி அடித்த நாலு செட்டை,
பதர் போய் றோட்டில் விழுகிறது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
அதற்கு இங்கிலீசில் என்ன சொல்வது?

ஒகுமுரா வெள்ளைச் சேட்டோடு
ஒயில் நிலத்தில் மல்லாந்து படுத்தார்.
டோர்ச் அடித்தார். போல்ட்டுகளைத் தொட்டுத்தொட்டு எண்ணினார்.
வெகுநேரம்.
எழும்பியபோது முதுகெல்லாம் உமி.

"அடுத்தமுறை
வெறும் எஞ்சினா அனுப்பேலுமோ எண்டு கேளுங்கோ அக்கா."
கேட்டேன்.

ஸ்ஸ்ஸ்.
தேத்தண்ணி இன்னும் வரவேயில்லை.

தலைமைக் காரியாலயத்தோடு ஆலோசிப்போம் என்று
அவர் இங்கிலீசில் மடிக்கத் தொடங்க,
நான் முகத்தைப் பார்த்தேன்.
அச்சொட்டாக இராசநாயகியின் முகம்.

"என்னவாம்?"
"பாப்பமாம்."

குகப்பிரியன் சிரித்துக்கொண்டு
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்தான்.