மூன்றா, எட்டா

பாத்திரம் கழுவும் இயந்திரம்
சிவப்பு விளக்கை மூன்று முறை சிமிட்டிவிட்டு
நின்றுபோனது.
கதவைத் திறந்தேன்.
அடியில் நாலு விரற்கடை கலங்கல்,
அதன்மேல் ஒரு சதகுப்பைக் கொழுந்து
அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

குவோபியோவில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
கல்லவேசி ஏரியின் மேல் கார் ஓடும் காலம்.
இரவெல்லாம் பனி வாரும் வண்டி ஓட்டி
ஊருக்கே வழி திறந்துவிட்டு வந்தவள்
அடுக்களைத் தரையில் குப்புறக் கிடக்கிறேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
என் வீட்டுத் தண்ணீருக்கு வழியில்லை.

மொண்டு ஊற்றினேன், பதினோரு கோப்பை.
வடிகட்டியைத் திருகி எடுத்தேன்.
ஒரு செர்ரிக் கொட்டை, ஒரு மீன்முள்,
போன வருடம் உடைந்த குவளையின் சில்லு,
ஊறிக் கூழான விலைச்சீட்டு: நாலு யூரோ தொண்ணூறு.
எல்லாம் கழுவி மாட்டினேன்.
மறுபடி மூன்று சிமிட்டல்.

பம்புதான், என்றான் கீழ்வீட்டு ஆர்த்தூரி.
அவன் எதற்கும் பம்பு என்பான்.

கடையில் மாடல் எண் கேட்டார்கள்.
கதவின் இடுப்பில் ஒட்டிய வெள்ளித் தகட்டில்
ஒன்பது இலக்கம். கடைசி மட்டும்
மூன்றா, எட்டா
தெரியவில்லை.
பூதக்கண்ணாடி வைத்தேன். பென்சிலால் தேய்த்தேன்.
போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால்
மூன்று எட்டாகிறது, எட்டு மூன்றாகிறது.

எட்டு என்று சொல்லிவைத்தேன்.
எட்டாம் நாள் வந்தது எட்டு.
கீழ்ப்பலகையைக் கழற்றிப் பொருத்திப் பார்த்தால்
அதற்குப் பூட்டும் பல் இரண்டு,
என்னுடையதற்கு மூன்று.
சீல் கிழித்ததைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.
மூன்றுக்கோ தயாரிப்பே நின்றுவிட்டதாம்.
ஊரின் நாலு கடையும் கையை விரித்தன.
நாலாவது கடைக்காரர் மட்டும்
விரித்த கையை மடக்கி
ரசீதின் பின்னால் ஒரு நம்பரைக் கிறுக்கித் தந்தார்.

ஈசல்மி. எண்பத்தைந்து கிலோமீட்டர்.
உர்ப்போ ஹுத்துனனின் கொட்டகை.
செத்த இயந்திரங்கள் வாய் பிளந்து வரிசையாய்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் சாக்பீஸில்
எதனால் போனது என்று எழுதியிருந்தார்:
பலகை எரிந்தது.
கீல் உடைந்தது.
விவாகரத்து.
அந்தக் கடைசியிலிருந்துதான் என் மூன்றைக் கழற்றினார்.
மீட்டர் முனைகளை வைத்து நாடி பார்த்தார்.
நூற்று அறுபது ஓம்.
"குதிரை" என்றார்.
இருபது யூரோ. காப்பி கணக்கில் இல்லை.

இந்த முறை வசதியாக வேலை பார்க்கலாமென்று
இயந்திரத்தை முழுதாக வெளியே இழுத்தேன்.
பின்னால், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே,
வடிகுழாய்
குரல்வளை நெரிபட்டுக் கிடந்தது.
ஜனவரியில் உருண்டு ஒளிந்த ஒரு கரண்டிக்காக
இதை இழுத்தேன், கரண்டியை எடுத்தேன்,
இடுப்பால் ஓர் இடி இடித்துத் திரும்பத் தள்ளினேன்.
அந்த இடி.

குழாயை நீவிவிட்டேன்.
பழைய பம்பு, அதே பழைய பம்பு,
கொடகொடவென்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது,
யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தது மாதிரி.

பிறகு கதவோரம் துடைத்தேன்,
ஞாயிறுதோறும் துடைக்கிற அதே வினிகரால்,
ஆறு வருடமாய்த் துடைக்கிற அதே இடத்தை.
துணி தகட்டின் மேல் போனபோதுதான்
கை நின்றது.

இப்போது ஓர் இயந்திரம், மூன்று பம்பு.
எட்டு இன்னும் பெட்டியில்,
சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை உர்ப்போ கூப்பிட்டார்.
"என் குதிரை ஓடுகிறதா?"
அடுக்களையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
போனை அந்தப் பக்கம் நீட்டினேன்.
வெகுநேரம் கேட்டார்.
"என்னுடையதேதான்," என்றார்,
"இந்தச் சத்தத்தை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன்."

ஆமாம் என்றேன்.