பதம் தப்பிய ஜாம்

போன ஜூலையில் பதினோரு பாட்டில்
ஆப்ரிகாட் ஜாம் கிண்டினேன்.
பதினொன்றும் உறையவில்லை.

கொதி வரும் நேரம் பல் மருத்துவர் ஃபோனில் வந்தார்:
மருத்துவமனைச் சாவி யாரிடம்?
அடுப்பை அணைத்துவிட்டுக்
கோட்டுப் பைகளைத் துழாவினேன்.
சாவி கிடைத்தபோது பாகு ஆறியிருந்தது.
மறுபடி பற்றவைக்கச் சோம்பல்.
அவ்வளவுதான் கதை.

பொட்டோண்டின் அக்கா எதெல்கா
கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள்.
ஒழுகியது.
"ஜாமா இது? சூப்" என்றாள்.
பாட்டில்கள் குளியல் தொட்டிக்கு அடியில் போயின,
பழைய ஷூக்களுக்குப் பக்கத்தில்.

இந்த ஜூலையில் செகெட் நகரம் வெந்தது.
முப்பத்தொன்பது டிகிரி.
டிராம் தண்டவாளம் நெளிகிறது என்று வானொலியில் சொன்னார்கள்.
டிசா நதி நகர்கிறதா
நிற்கிறதா என்று ஜன்னலிலிருந்து
நெடுநேரம் பார்த்தேன்.
லிஃப்ட் மூன்றாம் மாடியில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது.
நாங்கள் இருப்பது ஆறாவது.

முதல் நாள் ஒரு முட்டாள்தனம் செய்தேன்:
ஜாமை நேராக சோடா சைஃபனுக்குள்ளேயே ஊற்றி
வாயு ஏற்றிப்
பிடியை அழுத்தினேன்.
மூக்கு அடைத்துக்கொண்டது.
இன்னும் அழுத்தினேன்.
கூரையில் இன்றும் இருக்கிறது அந்தக் கறை.
ஆஸ்திரியா வரைபடம் என்கிறான் பொட்டோண்ட்.
எனக்கென்னவோ வாத்து.

மறுநாள் ஒழுங்காகச் செய்தேன்.
உயரமான டம்ளரில் இரண்டு கரண்டி ஜாம்,
அரை எலுமிச்சை, துளி உப்பு,
கரைய மட்டும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர்.
பிறகு டம்ளரைச் சாய்த்து
ஓரமாக, அவசரமில்லாமல், சோடா.

சீறியது. நுரை விளிம்பு வரை வந்து
யோசித்து
இறங்கியது.
குமிழிகள் தொற்றிக்கொண்ட பழநார் ஒன்று
மேலே போனது,
குமிழி உடைந்ததும் கீழே வந்தது,
மறுபடி மேலே.
எங்கள் கட்டடத்தில்
ஓடுகிற ஒரே லிஃப்ட்.

அப்போதுதான் மணி அடித்தது.
சோடாக்காரர் வெண்டெல்,
நீலக் கண்ணாடி சைஃபன்கள் ஆறு,
பெட்டியோடு ஆறு மாடி.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
என் டம்ளரை நீட்டிவிட்டேன், வாய் வைக்காததுதான்.
நின்றபடியே குடித்தார்.
பாதியில் நிறுத்தி, உள்ளே பார்த்து, மிச்சத்தையும்.
ஏப்பம் வந்தது. மன்னிப்புக் கேட்டார்.

"இருபத்து மூன்று வருஷமாக இதைச் சுமக்கிறேன்.
வீட்டில் குழாய்த் தண்ணீர்தான்.
இந்த உஸ்ஸென்ற சத்தத்தைக் கேட்டாலே
வேலை ஞாபகம்."
காலி பாட்டில்களை எடுத்தவர்
வாசலில் திரும்பினார்:
"எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழியலாம்."

அடுத்த வாரம் ஏழு சைஃபன் வந்தது.
பில்லில் ஆறு.

ஞாயிற்றுக்கிழமை எதெல்கா,
கையில் அவள் ஜாம்.
கத்தியால் வெட்டலாம், அப்படி ஒரு பதம்.
அவளே டம்ளரில் போட்டாள், அவளே சோடா ஊற்றினாள்.
அடியில் கல் மாதிரி உட்கார்ந்தது.
சுற்றிலும் சோடா பொங்கி அடங்கியது.
கலக்கினாள். கலக்கினாள்.
கரண்டிச் சத்தம் மாடிப்படி வரை கேட்டிருக்கும்.
நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாத்துதான், சந்தேகமே இல்லை.

கேட்காமலே என்னுடையதை அவள் பக்கம் நகர்த்தினேன்.
குடித்தாள்.
மீசை போல நுரை.
"சூப்புக்கு ஒன்றும் குறையில்லை" என்றாள்.
போகும்போது இரண்டு பாட்டில் கைப்பையில்.

மிச்சம் மூன்று. வெயிலோ
ஆகஸ்ட் முடியும்வரை இருக்குமாம்.
சந்தையில் ஐந்து கிலோ வாங்கிவிட்டேன்.
கொட்டை எடுத்து, சர்க்கரை போட்டு,
இதோ கொதி வருகிறது.

எப்போது அணைப்பது?
சாவி ஆணியில்தான் தொங்குகிறது.
ஃபோனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
நிற்கிறேன்,
பல் மருத்துவரே,
கூப்பிடுங்கள்.