நூற்றைந்தாம் மைல்

எதிலிருந்து நூற்றைந்து என்று நான் கேட்டதில்லை.
மூசே ஊருக்குள் போகுமுன் ஒரு கேட்,
அதற்கப்பால் சீனா.
எனக்கு முன்னால் எத்தனை வண்டி என்று
முதல் நாள் எண்ணப் போனான் ஸ்பேர்.
பர்மாவில் கிளீனர் பையனுக்கு அதுதான் பெயர்,
மாற்று டயரோடு ஏற்றிவிட்ட இன்னொரு மாற்று.
வீட்டில் நீலமேகம், அடையாள அட்டையில் சோ நைங்.
நானூற்றுப் பன்னிரண்டில்
செருப்பு அறுந்து திரும்பிவிட்டான்.

பதினைந்து டன் தர்பூசணி.
ஒன்றோடொன்று உராயாமல் வைக்கோல் வைத்து
மொன்யுவாப் பெண்கள் ஏழு பேர் அடுக்கியது.
கோத்தெய்க் பள்ளத்தின் கொண்டையூசி வளைவுகளில்
முட்டைக் கூடை சுமப்பவன்போல்
இறங்கி ஏறினேன்.
அங்கே ஒன்றும் ஆகவில்லை.
நின்ற இடத்தில்தான் ஆனது.

இங்கே செல்போன்
சீனத்து டவரைப் பிடித்துக்கொள்ளும்.
பிடித்ததும் கடிகாரம்
ஒன்றரை மணி முன்னால் குதிக்கும்.
தட்டோனிலிருந்து செங்கமலம்
சாப்பிட்டாச்சா என்று கேட்டால்
எந்த நாட்டு மதியத்துக்கு என்று
ஒரு நொடி யோசிக்கவேண்டியிருக்கிறது.

ஓடினால்தான் கூலி. நிற்பதற்கு இல்லை.
நிற்பதற்குச் செலவுதான் உண்டு:
தண்ணீர் ஒரு வாளி ஐந்நூறு கியாட்,
அரை வாளி முந்நூறு.
ஒதுங்கப் போன கரும்புத் தோட்டத்தைச் சுற்றி
மூன்றாம் நாள் முள்வேலி போட்டுவிட்டான்.
நியாயம்தான், அவன் கரும்பு.
அப்புறம் இருட்டும்வரை அடக்கினோம்.
தை மாதக் குளிரில்
இருட்டும் நேரம் கழித்தே வந்தது.

ராத்திரியில் டீசல் உறிஞ்ச வருவார்கள்.
டேங்க் மூடியில் ஒரு சணல் கட்டி
மறுமுனையைக் கால் கட்டைவிரலில் முடிந்து
தூங்கப் பழகினேன்.
நாலாம் இரவு இழுத்தது.
இரும்புக் கம்பியோடு குதித்தேன்.
நாய்.
அதுவும் பயந்துதான் போயிருந்தது.

பின்வண்டிக்காரன் சாய் லோன்.
அவன் சுருட்டு, என் வெற்றிலை,
அவன் சீட்டுக்கட்டில்
ஸ்பேடு ராணி இல்லை.
அவளில்லாமலே ஐந்து நாள் ஆடினோம்.
ஒருமுறை வரிசை அறுபது அடி நகர்ந்தது.
அன்றைக்கு எல்லா எஞ்சினும் இருமிக்கொண்டு எழ,
கல்யாண வீடு மாதிரி சத்தம்.
பிறகு ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

ஆறாம் இரவு முதல் பழம் வெடித்தது.
துப்பாக்கி என்று நினைத்து
நானும் பையனும் சீட்டுக்கடியில் கிடந்தோம்.
அடுத்தது வெடித்தபோது
வாசனை வந்தது.
காலையில் பலகை இடுக்கு வழியாக
இளஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது,
அடியில் எறும்புகளின் வரிசை.
அது நகர்ந்தது.

முதலாளி தினம் காலையில் விலை சொல்வார்,
என்னால் இறங்கிய விலைபோலக் கத்துவார்.
ஒன்பதாம் நாள் குரல் தணிந்திருந்தது.
வாடகைக்கே காணாது,
கொட்டிவிட்டு வா.
பர்மியத்தில் அது இன்னும் சின்ன வாக்கியம்.

வண்டியை ஒடித்துத் திருப்ப
மூன்று பேர் கை காட்டினார்கள்.
நான் வெளியேறிய இடத்துக்குள்
சாய் லோன் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தான்.
சந்தோஷ ஹாரன், நீளமாக.
என் ஒன்பது நாள்
அவனுக்கு முப்பத்திரண்டு அடி.
கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.
நானாயிருந்தால் இன்னும் நீளமாக அடித்திருப்பேன்.

சரிவில் கொட்டும்போது
உடையாத ஒன்று உருண்டு வந்து
டயரில் முட்டி நின்றது.
நீலமேகம் அதை முழங்காலில் அடித்துப் பிளந்தான்.
தின்றோம்.
நல்ல இனிப்பு.

மலை இறங்கும் வளைவொன்றில்
சீனத்து டவர் கைவிட்டது.
நாலரை, மூன்றாகியது.
திடீரென்று கையில் ஒன்றரை மணி நேரம்.
என்ன தோன்றியதோ,
பிரேக்கை மிதித்தேன்.
முன்னால் காலிச் சாலை, பின்னாலும்.

ஏண்ணே நிறுத்தினே, என்றான்.