நேசபுஷ்பம், நேச புஷ்பம்

தக்கலை தாலுகா ஆபீஸில்
இப்போது டோக்கன் மிஷின் இருக்கிறது.
மழைக்கு ஒதுங்கினவர்களும்
ஆளுக்கொன்று கிழித்து வைத்துக்கொள்கிறார்கள்.

நாற்பத்தொன்று.
நேசபுஷ்பம், திக்கணங்கோடு.
அவளும் ஆபீஸிலிருந்துதான் வருகிறாள்,
அண்டி ஆபீஸ்.
அரைநாள் கூலியை விட்டுவிட்டு.
பெருவிரலை வைக்கச் சொன்னேன்.
முந்திரித் தோட்டு எண்ணெய் தின்ற விரல்;
மிஷின் ஆறு தரம் அவளை இல்லை என்றது.
ஏழாவது தரம் கண்ணைக் காட்டி நுழைந்தாள்.

பட்டா திரையில் விரிந்தது.
ஆறேகால் சென்ட். நாலு எல்லையும் சரி.
உரிமையாளர்: புஷ்பம்.
தந்தை: நேச.

"ஆரு மோளே நேச?
எனக்க அப்பன் ஏசுவடியான்.
நேசன்னு ஒருத்தன் எங்க குடும்பத்திலயே கெடையாது.
பிள்ளைக்கு நர்சிங் சீட்டு கெடைச்சிருக்கு,
பேங்குக்காரன் கேக்கான்,
இந்தப் புஷ்பம் ஆருன்னு."

முன்பு இதற்கு ஒன்பது மேசை.
ஒருவர் 'பரிந்துரைக்கலாம்' என்பார்,
அடுத்தவர் 'மேற்கண்டவாறே' என்பார்,
மூன்றாமவர் லீவில் இருப்பார்.
போன வருஷம் சென்னையிலிருந்து இரண்டு பையன்கள் வந்து
சுவர் முழுக்கச் சார்ட் ஒட்டி
அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள்.
இப்போது நான், தாசில்தார், மூன்று வேலை நாள்.
ஆனால் போகிறபோது
ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போனார்கள்:
பிழைக்குக் காரணம்.
அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

'வரலாறு' என்ற பொத்தானை அழுத்தினேன்.
பழைய பேனாக்களுக்குப் பெயர் கிடையாது, மை மட்டும்தான்.
கம்ப்யூட்டர் அப்படி விடாது.
பதிவேற்றியவர்: ஒப்பந்தப் பணியாளர் பதினேழு.
நேரம்: இரவு பதினொன்று நாற்பது.

பதினேழு, நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.
பதிவுக்கு நாற்பது பைசா.
நாகர்கோவிலில் கடைசி பஸ்ஸை விட்டவர்கள்
விடியும்வரை டைப் அடிப்போம்.
அந்தப் பக்கம் நினைவிருக்கிறது,
அல்லது இருப்பதாக இப்போது தோன்றுகிறது.
பதிவேட்டில் கட்டம் ஒடுக்கம்.
எழுதியவர் 'நேச' என்று வரியை முடித்து
'புஷ்பம்' என்பதைக் கீழே இறக்கிவிட்டிருந்தார்.
நான் இரண்டுக்கும் நடுவில்
அந்த நீளக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினேன்.
பிறகு வந்த ஏதோ ஒரு மென்பொருள்
முதல் சொல்லைத் தகப்பனாக்கிற்று.

பதினாறு வருஷம் நேச என்ற ஒருவன்
தீர்வை கட்டாமல்
அந்த ஆறேகால் சென்டில் குடியிருந்திருக்கிறான்.

பிழைக்குக் காரணம்:
கட்டத்தின் அகலம் போதாமை. அழித்தேன்.
மென்பொருள் மாற்றம். அழித்தேன்.
மூன்றாவதை அடிக்கும்போது கரண்ட் போய்
யூபிஎஸ் கீச்சிட்டது.
"போச்சா மோளே?"
"போகல, நிக்குது."
பணியாளர் பதினேழின் கவனக்குறைவு என்று முடித்தேன்.
கட்டம் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.
அவளிடம் வாயால் சொல்லவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்;
அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை.

வெள்ளிக்கிழமை மெசேஜ் போயிருக்கிறது.
திங்களன்று தாளோடு வந்து நின்றாள்.
"சீல் இல்லியா?"
"இந்தக் கறுப்புக் கட்டந்தான் சீல்."
"இதுக்குள்ளயா எனக்க அப்பன் இருக்கான்?"

என் போனை அதன் மேல் பிடித்துக் காட்டினேன்.
ஏசுவடியான் மகள் நேசபுஷ்பம், ஒரே சொல்லாக.
அவள் எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.
மிஷின் ஆறு தரம் மறுத்த அதே விரல்.
திரை சட்டென்று நகர்ந்து
பெயர் மேலே ஓடி மறைந்தது.

"அய்யோ, நான் அழிச்சிட்டனா?"

அழியவில்லை என்று சொல்வதற்குள்
மணி அடித்தது,
இருபத்தாறு.