பெட்டியில் துறை இல்லை

ஆயிரத்து நூறு துண்டு என்று அட்டையில் போட்டிருக்கிறது.
எண்ணிப் பார்த்தேன். மூன்று குறைவு, இரண்டு கூடுதல்.
சாம்பல் பிளாஸ்டிக் சட்டங்களில்
பிஞ்சு பிஞ்சாய்த் தொங்கின ஏணி, ராடார், கதவு.
வெட்டியெடுத்து, தொதல் வந்த ஓலைக் கொட்டான்களில்
பிரித்துப் போட்டேன்.
நங்கூரத்தில் இன்னும் கருப்பட்டி வாசம்.

ரஜபில் போயிற்று சாப்பாட்டு மேசை.
"நோன்புக்குள்ள முடிஞ்சிருமா?" என்றாள் ரொஹையா.
நோன்பும் போய் ஹஜ்ஜுப் பெருநாளும் போய்
தரையில் பாய் விரித்துத்தான் சாப்பிடுகிறோம்.
மூன்றடிக் கப்பலைப் பார்த்து
வருகிறவர் எல்லாம் கேட்பது ஒன்றுதான்:
"மிதக்குமா?"
மிதக்காது. வாளியில் விட்டால் சாய்ந்து படுத்துவிடும்.
மிதந்ததைப் பார்த்தவன் நான். இது மிதக்க வேண்டியதில்லை.

ஜெபல் அலியில் பதினெட்டு வருடம் கயிறு கட்டினேன்.
எறிகயிறு முதலில் விழும்.
பிடித்து இழுத்தால் பின்னாலேயே வரும்
தொடை தண்டி வடம்.
குற்றியில் மாட்டியதும் விலகிவிட வேண்டும்.
இறுகிய வடம் அறுந்தால் ஆளைப் பார்க்காது.
தங்கச்சிமடத்து அருளானந்துக்கு
முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது.

என் ஷிஃப்டில் நான்கு முறை வந்தது விமானந்தாங்கி.
நான்கு முறையும் நான் பார்த்தது சுவர்.
சாம்பல் சுவர், துரு ஒழுகிய கோடு,
கழுத்து வலிக்க அண்ணாந்தாலும்
மேலும் கொஞ்சம் சுவர்.
ஒருமுறை மேலிருந்து எவனோ உரித்துப் போட்ட
ஆரஞ்சுத் தோல் என் தலைக்கவசத்தில் விழுந்தது.
தளத்திலிருந்து எனக்கு வந்த ஒரே தபால்.

ஆனியில் கச்சான் பிடித்துக்கொண்டது.
ஜன்னலை அடைத்தால் பெயிண்ட் நெடி, அவளுக்கு இழுப்பு.
திறந்தால் மணல்.
திறந்தேன்.
மூன்றாம் பூச்சு காயாத தளம் முழுக்கப் பொடிமணல்.
வாய்க்கு வந்தபடி காற்றை வைதுவிட்டு
விடிந்து தடவிப் பார்த்தால் சொரசொரப்பு.
நிஜத் தளமும் அப்படித்தானாம்,
சக்கரம் வழுக்காமல் இருக்க.
விட்டுவிட்டேன்.
சுண்டுவிரல் நீள விமானம் நாற்பத்தெட்டும்
கீழக்கரை மணலில் நிற்கின்றன.
உச்சிப்புளி ஹெலிகாப்டர் வீட்டுக்கு மேலே போகையில்
ஒட்டாத இறக்கைகள் மேசையில் நடுங்கும்.

கடைசியாக மனிதர்கள். நூற்றிருபது பேர்,
ஆளுக்கொரு சீரகச்சம்பா அரிசி.
ஊசி முனையால் மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை, ஊதாச் சட்டை.
எல்லோருக்கும் தளத்தில் இடம் குறித்திருக்கிறது.
அட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன், உதறினேன்.
பெட்டியில் துறை இல்லை.
வடம் இல்லை. வடத்தின் மறுமுனையில் ஒருத்தரும் இல்லை.
கடலில் தானாக நிற்கிறது போலிருக்கிறது கப்பல்.

ரொஹையாவின் தையல் பெட்டியில் கறுப்பு நூல் எடுத்தேன்.
துறைக்கு, பழைய காலண்டர் அட்டை.
குற்றிக்கு, கிராம்பு;
தலை கொஞ்சம் பெரிசு, அளவு மீறியதுதான், இருக்கட்டும்.
ஊதாச் சட்டைக்காரன் ஒருவனைச் சுரண்டி
ஆரஞ்சு மேல்சட்டை போட்டேன்.
அண்ணாந்து பார்க்க வைக்கப்போய்
கழுத்து ஒடிந்துவிட்டது.
பசை போட்டு அண்ணாந்த மேனிக்கே ஒட்டினேன்.

"இது என்ன, சோத்துப் பருக்கையா?"
துடைக்க வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.
எதுவும் சொல்லவில்லை.
கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தாள்.
வெகு நேரம் குனிந்தே இருந்தாள்.
"கயித்துக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறாரே" என்று
பசை காயுமுன் நகத்தால்
அரை அங்குலம் தள்ளி வைத்தாள்.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன், முந்நூற்றைம்பதால்.
நாலரை மீட்டர்.
போதும்.